குண்டு விழாத மருத்துவமனைகள் எப்படி மூடின?

2016 கடைசியில் ஏமன் நாட்டில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. 16 மாகாணங்களில் இருக்கும் 3,507 மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் எடுத்துக்கொண்டு, எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று பார்த்தார்கள். முழுமையாக இயங்கியவை 45 சதவீதம். உலகச் செய்திகளில் ஓடியது இந்த எண்தான். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. போரில் சேதமடைந்தவை 274. அதாவது நூற்றுக்கு எட்டு.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். பாதிக்கு மேல் சரியாக இயங்கவில்லை, ஆனால் சேதமானவை எட்டே சதவீதம் என்றால், மீதி ஏன் நின்றன? கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, கட்டில்கூட அப்படியே கிடக்கிறது. நோயாளி போனால் பார்க்க ஆள் இல்லை. ஆள் இருந்தால் மருந்து இல்லை. இரண்டும் இருந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கணக்கில் வந்த 276 மாவட்டங்களில் 49-ல் ஒரு டாக்டர்கூட இல்லை.

குண்டு விழவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015 அக்டோபர் 26 அன்று சாதா மாகாணத்தின் ஹைதானில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உதவி செய்துவந்த மருத்துவமனை வான்தாக்குதலில் தரைமட்டமானது. 2016 ஆகஸ்ட் 15 அன்று ஹஜ்ஜா மாகாணத்தின் அப்ஸ் மருத்துவமனையில் குண்டு விழுந்து 19 பேர் இறந்தார்கள். அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகள் போரிடும் தரப்புகளிடம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு அந்த அமைப்பு வடக்கில் ஆறு மருத்துவமனைகளிலிருந்து தன் ஆட்களை விலக்கிக்கொண்டது. சில மாதம் கழித்தே திரும்பியது. இப்படி ஒரு தாக்குதலின் பாதிப்பு இடிந்த கட்டடத்தோடு நிற்காது. கட்டடம் நிற்கிற ஊர்களிலும் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவார்கள். பிரசவ வலி எடுத்தவள் விடியட்டும் என்று காத்திருப்பாள்.

ஆனாலும் ஏமனில் மருத்துவம் குலைந்ததற்குப் பெரிய காரணம் குண்டு அல்ல, சம்பளம் என்பதே என் எண்ணம். போர்நாட்டுக்கு மருத்துவ உதவி என்றதும் நம் மனசில் வருவது விமானத்திலிருந்து இறங்கும் மருந்துப் பெட்டி, வெள்ளைக் கூடாரம், வெளிநாட்டு டாக்டர். இவையெல்லாம் வேண்டியதுதான். ஏமனில் உண்மையாகவே உயிர்களைக் காப்பாற்றிய உதவியைத் தேடினால், பெரும்பாலும் அது சலிப்பூட்டும் சங்கதியாக இருக்கிறது. உள்ளூர் நர்சுக்கு மாதாமாதம் ஒரு தொகை, தண்ணீர் பம்புக்கு டீசல், தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு சோலார் தகடு.

சம்பளம் நின்ற மாதம்

2014 செப்டம்பரில், வடக்கைச் சேர்ந்த கிளர்ச்சிப் படையினரான ஹவுதிகள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவுதி அரேபியா தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது. சர்வதேச அங்கீகாரம் பெற்ற அரசு தெற்கே ஏடனைத் தற்காலிகத் தலைநகராக்கிக்கொண்டது. மக்கள் நெருக்கமாக வாழும் வடக்கு ஹவுதிகள் கையில் நின்றது.

முதலில் கிளம்பியவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள். ஏமன் மருத்துவமனைகள் நர்சுகளுக்கு வெளிநாட்டை, குறிப்பாக இந்தியாவை, நம்பியிருந்தன. 2015 ஏப்ரலில் இந்தியா நடத்திய 'ஆபரேஷன் ராஹத்'தில் சுமார் 4,600 இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் நர்சுகள் ஏராளம். பெரும்பாலும் கேரளத்துப் பெண்கள். நம் பக்கம் அதை வெற்றிகரமான மீட்பாகக் கொண்டாடினோம், தப்பில்லை. அவர்கள் விட்டுவந்த வார்டுகளில் மறுநாள் காலை ட்யூட்டிக்கு யார் வந்தார்கள் என்று இங்கே அதிகம் பேர் கேட்டதாக நினைவில்லை.

அடுத்து நடந்தது யாரும் படம் பிடிக்க முடியாத ஒன்று. போரின் முதல் ஒன்றரை ஆண்டு, சனாவில் இருந்த மத்திய வங்கி இரு தரப்புப் பகுதிகளிலும் இருந்த அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரே சம்பளப் பட்டியல்! கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் நாட்டை ஒட்டவைத்திருந்த கடைசிப் பசை அதுதான். 2016 செப்டம்பரில் அரசு, வங்கியின் தலைமையகத்தை ஏடனுக்கு மாற்றியது. ஹவுதிகள் அந்தப் பணத்தைப் போருக்குத் திருப்புகிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் நின்றது, அல்லது எப்போதாவது ஒரு முறை பாதியாக வந்தது.

2017 ஜூலையில் ஐ.நா.வின் மூன்று அமைப்புகளின் தலைவர்கள் ஏமனுக்குப் போய்வந்து கூட்டறிக்கை விட்டார்கள். உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 30,000 பேர் பத்து மாதத்துக்கு மேலாகச் சம்பளம் வாங்கவில்லை என்றது அது. அவர்களில் பலர் அப்படியும் வேலைக்கு வந்தார்கள். இதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், சுலபம். ஆனால் பத்து மாதம் சம்பளமில்லாத ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வருவார், நாலு நாள் வேறு பிழைப்பு பார்ப்பார். டாக்டர் தனியார் கிளினிக்குக்குப் போவார். லேப் டெக்னீஷியன் ஊர் திரும்பிவிடுவார். துப்புரவுப் பணியாளர் வராவிட்டால் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டத்தான் வேண்டும்.

குப்பை, சாக்கடை, வாந்திபேதி

2017-ன் காலராவைப் புரிந்துகொள்ளவும் சம்பளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் அலை 2016 அக்டோபரில் வந்து தணிந்திருந்தது. 2017 ஏப்ரல் நடுவில் சனாவின் கழிவுநீர் அமைப்பு மின்சாரமில்லாமல் நின்றது. மழைக்காலம் தொடங்கியது. சம்பளம் கிடைக்காத துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தெருவெல்லாம் குப்பை மலை. சாக்கடை தண்ணீரோடு கலந்தது. ஏப்ரல் 27-ல் இரண்டாவது அலை தொடங்கியதாகக் கணக்கு. மே நடுவில் சனாவில் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. இறந்தவர்கள் 2,200-க்கும் மேல்.

பத்து லட்சம் என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது 'சந்தேகத்துக்குரிய' எண்ணிக்கை. கொள்ளைநோய் அறிவித்த பிறகு ஒரு ஊரில் கடும் வயிற்றுப்போக்கோடு வருகிற எல்லோரையும் அந்தக் கணக்கில் எழுதுவார்கள். ஒவ்வொருவரையும் லேபில் சோதிக்க வசதி கிடையாது, சோதித்து முடிவு வரும்வரை காத்திருக்கவும் முடியாது. எனவே அதில் காலரா அல்லாத வயிற்றுப்போக்கும் நிறைய இருந்திருக்கும். இறப்பு விகிதம் 0.2 சதவீதமாகக் குறைந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபக்கம், குக்கிராமங்களில் வீட்டிலேயே இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிற எண் அது. அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, கையில் எடுக்கும்போது பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இறப்பு விகிதம் குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலராவில் ஆளைக் கொல்வது கிருமியைவிட நீரிழப்பு. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வெளியேறலாம். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கண் குழிந்து, குரல் மங்கி, நாடி கிடைக்காமல் கிடப்பார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குப் போகாமல், மடிந்த துணி மாதிரி மெதுவாக இறங்கும். டாக்டரோ ஆயாவோ முதலில் பார்ப்பது இதைத்தான். அந்த நிலையில் 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் அரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர், அடுத்த இரண்டரை மணி நேரத்தில் மூன்றரை லிட்டர் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர். ஒரு ஆளுக்கு. வார்டில் அறுபது பேர் படுத்திருந்தால் எத்தனை பாட்டில், ஊசி குத்த எத்தனை கை வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலரா வார்டின் கட்டிலே வேறு மாதிரி இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை, கீழே ஒரு வாளி. வாளியில் அளவுக்கோடு போட்டிருப்பார்கள். எவ்வளவு வெளியே போனதோ அவ்வளவு உள்ளே போக வேண்டும். அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அந்த வாளியைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டில் எப்போது என்று முடிவாகும்.

இந்த நிலைக்கு ஆள் வராமல் தடுப்பதுதான் சாமர்த்தியம். அதற்காக அமைத்தவைதான் வாய்வழி நீரேற்று மையங்கள். பெயர்தான் பெரிசு. ஒரு மேசை, மூடியுள்ள ஒரு தண்ணீர்ப் பாத்திரம், கொஞ்சம் குளோரின், டம்ளர்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், பயிற்சி பெற்ற ஒருவர். பாக்கெட்டில் இருக்கும் 20.5 கிராம் தூளை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து போகும்போது, காலரா தாக்கிய குடலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஊசியே தேவைப்படாது.

இதில் கஷ்டமானது மருந்து அல்ல, தூரம். ஏமனியர்களில் பெரும்பகுதியினர் கிராமங்களில், அதிலும் மலை உச்சியிலும் சரிவிலும் சிதறிக்கிடக்கும் ஊர்களில் வாழ்கிறார்கள். பெட்ரோல் விலை ஏறிய பிறகு ஒரு வண்டி பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வீட்டில் எதையாவது விற்க வேண்டும். அதனால் 'விடிந்தால் சரியாகிவிடும்' என்று ஒரு ராத்திரி பொறுக்கிறார்கள். காலராவுக்கு அந்த ஒரு ராத்திரி போதும். 2017-ல் 16,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் தண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி, எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். கூடாரம் போட்டுக் காத்திருந்தவர்களைவிட இவர்கள் தடுத்த சாவுகள் அதிகம் என்றே நினைக்கிறேன்.

அதே 2017 நவம்பரில் சவுதி கூட்டணி துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் மூடியது. ரியாத் மீது ஹவுதிகள் ஏவுகணை விட்டதற்குப் பதிலடி. உணவில் சுமார் 90 சதவீதத்தை இறக்குமதி செய்யும் நாடு அது. எரிபொருளும் மருந்தும் கடல் வழியேதான் வர வேண்டும். டீசல் தீர்ந்ததும் நகரங்களின் தண்ணீர் பம்புகள் நின்றன. அப்போது செஞ்சிலுவைச் சங்கம் செய்த வேலை ஒன்று: ஹொதைதா, தாயிஸ் நகரங்களின் பம்புகள் ஒரு மாதம் ஓட 7.5 லட்சம் லிட்டர் எரிபொருள் வாங்கிக் கொடுத்தது. மருத்துவ உதவி அமைப்பு ஏன் டீசல் வாங்குகிறது என்று கேட்பவர், ஒரு காலரா வார்டை ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 25-ல்தான் யுனிசெஃபின் தடுப்பூசி விமானம் சனாவில் இறங்க முடிந்தது. 19 லட்சம் டோஸ். அதற்குள் இப் மாகாணத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தலைகாட்டிப் பரவத் தொடங்கியிருந்தது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏடு படர்ந்து மூச்சை அடைக்கும் அந்த நோயை, இன்றைய டாக்டர்களில் பலர் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

சம்பளம் என்று சொல்லக்கூடாத சம்பளம்

சரி, ஊழியர்களுக்குச் சம்பளம்தான் பிரச்சினை என்றால், உதவி நிறுவனங்களே கொடுத்துவிடலாமே? கொடுத்தார்கள். ஆனால் அதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஒரு நாட்டின் அரசு ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது அந்நாட்டு அரசின் பொறுப்பு. உதவி அமைப்பு அதை ஏற்றால் போரிடும் தரப்பின் சுமையைக் குறைத்து, அந்தப் பணத்தைத் துப்பாக்கிக்கு விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும் என்பது நன்கொடை நாடுகளின் பயம். எனவே அதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர் வைத்தார்கள். வேலை செய்த நாளுக்கு இவ்வளவு, முகாமுக்குப் போனால் இவ்வளவு.

இதில் உலக வங்கி எடுத்த முடிவு கவனிக்க வேண்டியது. வழக்கமாக அது அரசுகளோடுதான் பேசும், அரசுகளுக்குத்தான் பணம் கொடுக்கும். ஏமனில் யாரிடம் கொடுப்பது என்றே தெரியாத நிலையில், 2017 ஜனவரியில் 20 கோடி டாலர் மானியத்தை யுனிசெஃபுக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கும் நேரடியாகக் கொடுத்தது. பிறகு தொகை இன்னும் கூடியது. ஏற்கெனவே இருந்த அரசு மருத்துவமனைகளையும் கிராம நிலையங்களையும் மூடவிடாமல் ஓட்டுவதுதான் நோக்கம். பணியாளரின் ஊக்கத்தொகை, மருந்து, ஆக்சிஜன், ஜெனரேட்டர் எரிபொருள் எல்லாம் இதிலிருந்து போயின. புதிதாகத் தனி அமைப்பு ஒன்றைக் கட்டியிருந்தால் திட்டம் முடிந்த நாளில் அதுவும் போயிருக்கும். இந்த யோசனை அதைவிடப் புத்திசாலித்தனமானது.

ஆனால் ஊக்கத்தொகைக்கும் ஒரு குணம் உண்டு. பணம் எந்தத் திட்டத்தின் பெயரில் வருகிறதோ அந்தப் பக்கம் ஆட்கள் நகர்வார்கள். காலரா வார்டில் வேலை பார்த்தால் காசு, பிரசவ வார்டில் பார்த்தால் இல்லை என்றால், பிரசவ வார்டு காலியாகும். ஒரு அமைப்பு ஒரு தொகை தர, பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு அமைப்பு அதற்கு மேல் தந்தால், நல்ல மருத்துவச்சி அங்கே போய்விடுவார். இத்தனைக்கும் ஏமனில் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெண் இறக்கிறார் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது. காலரா மாதிரி அது தலைப்புச் செய்தி ஆவதில்லை. அதனால் அதற்குப் பணமும் கடைசியில்தான் வருகிறது.

அப்புறம் நாணயம். போருக்கு முன் ஒரு டாலர் சுமார் 215 ரியால். 2019 டிசம்பரில் ஹவுதிகள், ஏடன் வங்கி அச்சடித்த புது நோட்டுகளைத் தங்கள் பகுதியில் தடைசெய்தார்கள். அன்று முதல் ஒரே நாட்டில் இரண்டு ரியால். 2021-ல் ஏடன் பக்கம் டாலருக்கு ஆயிரத்தைத் தாண்டியது. சனா பக்கம் 600 அளவில் நின்றது. தெற்கில் சம்பளம் வந்தது, ஆனால் அதை வைத்து மாவு மூட்டை வாங்க முடியவில்லை. வடக்கில் நோட்டுக்கு மதிப்பு இருந்தது, ஆனால் சம்பளம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரே ஊக்கத்தொகைப் பட்டியலைத் தயாரிக்க வேண்டிய கணக்கரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்கள்

சனாவின் குப்பையை அள்ளியவர்கள் யார் என்று நான் மேலே சொல்லவில்லை. பெரும்பாலும் 'முஹம்மஷீன்' என்று அழைக்கப்படும் மக்கள். அரபியில் அதற்கு 'ஓரங்கட்டப்பட்டவர்கள்' என்று பொருள். அதற்கு முன் அவர்களுக்கு இருந்த பெயர் 'அக்தாம்', வேலைக்காரர்கள். கருநிறத் தோல் கொண்ட இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூட்டுவது, செருப்புத் தைப்பது என்று ஊர் விலக்கிவைத்த வேலைகளைச் செய்கிறார்கள். ஊருக்கு வெளியே தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இருக்கிறார்கள். மற்றவர்கள் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தாயிஸ் நகரில் போருக்குச் சற்று முன் யுனிசெஃப் எடுத்த கணக்கில், இவர்களில் பெரியவர்கள் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்யும் குடும்பங்கள் 9 சதவீதம். இந்த 9 சதவீதம்தான் உதவியின் போக்கைத் தீர்மானிக்கிறது. பிறப்புச் சான்று இல்லை, எனவே அடையாள அட்டை இல்லை, எனவே பயனாளிப் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலை எழுதிக்கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பகுதியின் 'ஆகில்', அதாவது நம்மூர் நாட்டாண்மை மாதிரி ஒருவர். இவர்கள் குடிசைப் பக்கமே போகாத ஒருவர் எழுதும் பட்டியல் எப்படி இருக்கும்? பட்டியல் ஒழுங்காக இருப்பது நிர்வாகத்துக்கு அழகுதான். ஆனால் மிகவும் நொடிந்துபோனவர்களிடம்தான் காட்டக் காகிதம் இருக்காது. காலரா வார்டின் நல்ல குணம், அங்கே யாரிடமும் அட்டை கேட்பதில்லை என்பது.

பட்டியலே இல்லாத இன்னொரு கூட்டம், செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் படகில் தாண்டி, சவுதிக்குக் கூலி வேலை தேடிப்போகும் எத்தியோப்பியர்கள். போர் நடக்கும் நாடு வழியாக நடந்தே போகிறார்கள். நோய் வந்தால் 'காலராவைக் கொண்டுவந்தவர்கள்' என்ற பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

பெண்களுக்குத் தனித் தடை. ஹவுதி பகுதிகளில் உதவி அமைப்புகளின் பெண் ஊழியர்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டுமென்றால் 'மஹ்ரம்', அதாவது தகப்பனோ அண்ணனோ கணவனோ கூடவே வர வேண்டும் என்ற விதி, 2022-லிருந்து இறுகியது. கிராமத்தில் ஒரு கர்ப்பிணியை ஆண் ஊழியர் பார்ப்பதை வீட்டார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பெண் ஊழியர் போக வேண்டும். அவர் போக, வேலையை விட்டுவிட்டு இன்னொரு ஆண் கூடப் போக வேண்டும். அவருக்கும் வண்டிச் செலவு, சாப்பாடு. கடைசியில் அந்த முகாமே ரத்தாகும்.

அங்கன்வாடிகளில் குழந்தையின் மேற்கையில் சுற்றும் நாடாவை நம்மூரில் பார்த்திருப்பீர்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்தக் குழந்தைக்கு 92 கிராம் நிலக்கடலை விழுதுப் பாக்கெட் தினமும் சில கொடுத்தால், பெரும்பாலும் வீட்டிலிருந்தே சில வாரங்களில் தேறிவிடும். பாக்கெட்டைக் கிழித்து உறிஞ்ச வேண்டியதுதான். சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். மருத்துவ ரீதியில் இவ்வளவு சுலபமான சிகிச்சை குறைவு. அந்த நாடாவோடு ஒரு பெண் அந்த வீட்டுக்குள் நுழைய முடியுமா என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

அனுமதிச் சீட்டுகளின் நாடு

ஒரு மருந்துப் பெட்டி ஹொதைதா துறைமுகத்தில் இறங்குவதற்கு முன் கூட்டணியின் அனுமதி வேண்டும். இறங்கிய பின் ஹவுதி அதிகாரிகளின் அனுமதி. மாகாணத்துக்குள் நுழைய ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, வழியில் சோதனைச் சாவடிகள். போர்முனையைத் தாண்டும் லாரி என்றால் ஒரு பக்கம் கொடுத்த சீட்டை மறுபக்கம் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். உதவி அமைப்புகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன.

இரண்டு தரப்பும் உதவியைத் தங்கள் ஆதாயத்துக்கு வளைக்கப் பார்த்தன. 2019 ஜூனில் சனாவில், உணவு வேறு கைகளுக்குப் போகிறது என்று சொல்லி உலக உணவுத் திட்டம் விநியோகத்தில் ஒரு பகுதியை நிறுத்தியது. பயனாளிகளின் கைரேகைப் பதிவு பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டு ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. 2023 டிசம்பரில் வடக்கில் பொது உணவு விநியோகத்தையே நிறுத்திவைத்தது. நிதியும் இல்லை, யாருக்குக் கொடுப்பது என்பதில் உடன்பாடும் இல்லை. ஹவுதி பகுதிகளில் வீடு வீடாகத் தடுப்பூசி போடும் இயக்கங்களுக்கு அனுமதி இல்லாமல் போனது. தட்டம்மையும் போலியோவும் திரும்பிவந்தன.

இப்படி நடக்கும்போது விலகிவிடலாமா, சகித்துக்கொண்டு இருக்கலாமா? உதவி அமைப்புகளுக்குள் இது ஓயாத சண்டை. விலகினால் சாவது அதிகாரிகள் அல்ல. இருந்தால், அந்த இருப்பே அதிகாரத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. எனக்கு இதில் நிம்மதியான பதில் எதுவும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. விலையைக் கொடுப்பவர்கள் எப்போதும் உள்ளூர் ஊழியர்கள்தான். 2024 ஜூனிலிருந்து ஐ.நா., தொண்டு நிறுவனங்களின் ஏமனிய ஊழியர்கள் பலரை ஹவுதிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2025 பிப்ரவரியில் உலக உணவுத் திட்டத்தின் ஊழியர் ஒருவர் சாதாவில் காவலில் இறந்தார். ஐ.நா. அந்த மாகாணத்தில் தன் வேலைகளை நிறுத்திவைத்தது. வெளிநாட்டு அதிகாரி விமானம் ஏறிவிடலாம். அதே சாதாவில் பிறந்து வளர்ந்த ஆள் எங்கே போவார்?

2022 ஏப்ரலில் வந்த போர்நிறுத்தத்துக்குப் பிறகு பெரிய சண்டைகள் ஓய்ந்தன. மே மாதம் சனாவிலிருந்து ஆறு ஆண்டுகளில் முதல் பயணிகள் விமானம் ஜோர்டானுக்குக் கிளம்பியது. அதில் சிகிச்சைக்காகக் காத்திருந்த நோயாளிகள் இருந்தார்கள். குண்டுச் சத்தம் குறைந்ததும் கேமராக்கள் கிளம்பின. உக்ரைன், காஸா, சூடான் என்று வரிசை நீண்டது. நன்கொடையும் அந்தப் பக்கம் திரும்பியது.

2024-ல் காலரா மறுபடி வந்தது. டிசம்பர் தொடக்கம் வரை சந்தேகத்துக்குரியவர்கள் சுமார் 2.5 லட்சம், இறப்பு 861. உலகம் முழுவதும் பதிவான காலரா நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம், இந்த ஒரே நாட்டில். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய் இல்லை. வைத்தியம் தெரிந்த ஆட்களும் அங்கே இருந்தார்கள். 2017-ல் கற்றுக்கொண்ட அதே ஆட்கள். அந்த ஆண்டில் பணமில்லாமல் மூடப்பட்டவை 47 வயிற்றுப்போக்கு சிகிச்சை மையங்கள், 234 வாய்வழி நீரேற்று மையங்கள். ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பாத்திரம், சில டம்ளர், சம்பளம் வாங்காத ஒருவர்.